ஒத்த ஆளுக்கு உலை: தனியாக இருக்கும் அம்மா அப்பாவின் சாப்பாட்டைக் கவனிப்பது எப்படி?

அப்பா இறந்த பிறகு எட்டு மாதம், அம்மாவிடம் தினமும் போனில் நான் கேட்டது ஒரே கேள்விதான். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்யா." நான் சென்னையில், அம்மா கோவில்பட்டியில். ஒரு நாள்கூட அவள் பொய் சொன்னதில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று நான்தான் கேட்கவில்லை.

தீபாவளிக்குப் போனபோது அடுப்படி அலமாரியில் ரேஷன் துவரம்பருப்பு பாக்கெட் ஐந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. மாதம் ஒரு கிலோ வாங்கி வைத்ததோடு சரி, பிரிக்கவே இல்லை. மூன்றில் வண்டு ஊர்ந்தது. ஃபிரிட்ஜில் ஒரு சட்டி மோர், முந்தாநாள் புளிக்குழம்பு, மூன்று வகை ஊறுகாய். கேட்டால், "பருப்ப வேகவச்சு, காய நறுக்கி, தாளிச்சு... ஒத்த உசுருக்கு எதுக்குய்யா அம்புட்டு வேல? மோர ஊத்தி ரெண்டு வாய் தின்னா ஆச்சு" என்றாள். சொல்லும்போதே கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கைப் பக்கம் ஓடியது.

தனியாக இருக்கும் வீட்டில் சோறு நிற்பதில்லை. முதலில் நிற்பது பருப்பு. அடுத்து காய். அப்புறம் முட்டை, மீன். சோறும் மோரும் ஊறுகாயும் பிஸ்கட்டும் காபியும் கடைசி வரை ஓடும். வயிறு நிறைந்துவிடும், உடம்பு கரையும். என்ன சாப்பிட வேண்டும் என்று நம் அம்மாக்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை, நம்மை வளர்த்ததே அவர்கள்தானே. ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டத் தோன்றாததுதான் சிக்கல். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு நாள் போய்த் தங்குங்கள்

விருந்தாளியாகப் போகாதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அம்மா கறி எடுத்து, வடை சுட்டு, ஊரைக் கூட்டிவிடுவாள். அந்த இரண்டு நாளை வைத்து நீங்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லாமல் போங்கள், அல்லது காலையில் போய் இறங்கியதும், அவள் கடைக்குக் கிளம்பும் முன் அடுப்படியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: மளிகைச் சீட்டு இருந்தால் பருப்பு, எண்ணெய் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள், காய்க்கூடையில் என்ன இருக்கிறது, தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களில் குக்கர் இருக்கிறதா, அல்லது ஒரு தட்டும் டம்ளரும்தானா. காஸ் சிலிண்டர் எத்தனை மாதம் வருகிறது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் முன்பு இரண்டு மாதத்தில் தீர்ந்த 14.2 கிலோ சிலிண்டர், அப்பா போன பிறகு ஆறு மாதம் ஓடியிருந்தது. இரண்டு பேர் ஒருவரானால் பாதியாகக் குறையலாம், மூன்றில் ஒன்றாகக் குறைய நியாயமில்லை. டாக்டர் சீட்டைவிட அந்த சிலிண்டர் புத்தகம் எனக்கு அதிகம் சொன்னது.

குப்பைக்கூடையையும் பாருங்கள். பிஸ்கட், ரஸ்க், பன் உறைகளே நிறைந்திருந்தால் இரவுச் சாப்பாடு அதுதான்.

எடையைக் குறித்து வையுங்கள்

ஒல்லியாகிவிட்டாள் என்று கண்ணால் சொல்வது போதாது, வயசானால் அப்படித்தான் என்று பக்கத்தில் இருக்கும் யாராவது சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். வயதானால் எடை தானாகக் குறைந்துகொண்டே போக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய செய்தியாகவே எடுத்துக்கொள்வார்கள். 56 கிலோ இருந்தவர் 53-க்கு வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. சேலை கட்டுகிறவர்களுக்கு இது வெளியே தெரியாது. ரவிக்கை தொளதொளப்பது, மோதிரத்தில் நூல் சுற்றியிருப்பது, பல் செட் கழன்று கழன்று விழுவது இதெல்லாம்தான் அடையாளம்.

எடை மெஷின் இல்லாத வீட்டில் இன்னொரு வழி உண்டு, ஜப்பானியர்கள் பழக்கப்படுத்தியது. உட்கார்ந்தபடி, இரண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, அவரவர் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது. சுற்றிப் பிடித்தும் நடுவே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் கால் தசையின் வலு குறைந்திருக்கிறது என்று ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் அளவு வைத்திருக்கிறது. அம்மாவுக்கு 19 ஆனது. மூன்றாவது முறைக்கு நாற்காலிக் கையைப் பிடித்துவிட்டு, "இதென்ன தோப்புக்கரணமா?" என்று சிரித்தாள்.

ஏன் சாப்பிடவில்லை என்று துப்பறியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. காரணம் தெரியாமல் கொடுத்த டப்பா அலமாரியில் கட்டிப்பட்டுக் கிடக்கும்.

பல் முதல் காரணம். கோவில்பட்டிக்காரிக்குக் கடலைமிட்டாய் கடிக்க முடியாமல் போனதை நான் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன். கடலைமிட்டாயோடு வெண்டைக்காய்ப் பொரியலும் சுண்டலும் ஆட்டுக்கறியும் போயிருந்தது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைச் சரி செய்ததும் பாதிச் சாப்பாடு திரும்பியது.

மலச்சிக்கல் இரண்டாவது. யாரும் பிள்ளைகளிடம் சொல்லமாட்டார்கள். மூன்று நாள் வெளியே போகாதவருக்குப் பசி எப்படி வரும்? அடுத்தது முழங்கால். அரை மணி நேரம் அடுப்பு முன் நிற்க முடியாதவர் ஐந்து நிமிடத்தில் முடிகிற சமையலைத்தான் செய்வார். கண்புரை இருந்தால் கீரை ஆய்வதும் அரிசியில் கல் பொறுக்குவதும் நின்றுபோகும். நாக்கிலும் மூக்கிலும் ருசி மங்கும்போது எல்லாமே சப்பென்று இருக்க, உப்பும் ஊறுகாயும் ஏறும். காசு பற்றாமல் சிக்கனம் பிடிப்பவர்களும் உண்டு. நம்மிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

துக்கம் ஒரு தனிக் காரணம். அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதற்காக 48 வருடம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தவள், அவர் போன பிறகு அதை எதற்கு வைப்பாள்? இதற்கு சத்துமாவில் மருந்து கிடையாது. ஆறேழு மாதம் தாண்டியும் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, பேச்சு குறைந்துவிட்டது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வயதானவர்களின் மனச்சோர்வு அழுகையாக வராமல் "பசிக்கல" என்றே பலமுறை வரும்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

இது கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்வதில்லை.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையக்கூடும். கால் மரத்துப்போவது, மறதி, சோர்வு என்று தெரியும். சைவக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் ஆபத்து வேறு பக்கம். சர்க்கரை சடாரென்று இறங்கி வியர்த்து, கை நடுங்கி, உளறல் வரை போகும். தனியாக இருப்பவருக்கு அது நடந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை வைத்து, "படபடன்னு வந்தா மூணு ஸ்பூன் வாயில போட்டுக்கம்மா, அப்புறம் எனக்குப் போன் போடு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போடுகிற வழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம். கீரையில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் உதவும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று சாப்பிடக் கூடாது. எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இனி உப்பு. "பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்வார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. சரிதான். ஆனால் நம் ஆட்களில் சிலர் உப்பை அறவே விட்டுவிட்டு, சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டு, நீர் பிரியும் மாத்திரையையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி ஒரு நாள் காலையில் ஆள் குழம்பிப் பேசுவார், தள்ளாடுவார். வீட்டார் "மறதி நோய் வந்துட்டுது" என்று முடிவு கட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு அப்படித்தான் நடந்தது. மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாளில் பேரன் பேத்தி பெயரெல்லாம் வரிசையாகச் சொன்னாள். திடீர்க் குழப்பம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

புரதக் கணக்கு, நம் அடுப்படி அளவில்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். தசை கரையும் வயதில் அது பற்றாது, 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் மருத்துவம் பார்ப்பவர்களின் பொதுவான கருத்து. 50 கிலோ உள்ள அம்மாவுக்கு 50, 60 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, அவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய அம்மாவின் ஒரு நாளைக் காகிதத்தில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு காபிக்குப் பால் 200 மில்லி, 6 கிராம். காலையில் இரண்டு இட்லியும் பொடியும், 4 அல்லது 5. மதியம் ஒரு பிடி சோறு, மோர், ஊறுகாய், 6. நான்கு பிஸ்கட், 2. ராத்திரி மோர்ச்சோறு மறுபடி, 5. கூட்டினால் 24-ஐத் தாண்டவில்லை. தேவையில் பாதிகூட இல்லை. அவளோ மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சரி செய்யப் புதுச் சாப்பாடு எதையும் திணிக்காதீர்கள். ஓட்ஸும் கினோவாவும் 73 வயதில் யாருக்கு வேண்டும்? இருக்கிற சாப்பாட்டிலேயே சேர்க்க வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். 30 கிராம் துவரம்பருப்பையோ பாசிப்பருப்பையோ வேகவைத்தால் 7. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை அரைத்த சட்னியில் 5, 6. நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 7. தயிர் ஒரு கிண்ணம் 4, 5. மீன் 100 கிராமுக்கு 18, 20.

எங்கள் வீட்டில் மாறியது இவ்வளவுதான்: இட்லிக்குப் பொடியோடு பொட்டுக்கடலைச் சட்னி. அரிசி களையும்போதே அதில் ஒரு பிடி பாசிப்பருப்பு. தனியாக எதுவும் வேகவைக்க வேண்டாம், சோறே பொங்கல் மாதிரி குழைந்து வரும், பல்லுக்கும் இதம். தண்ணி மோருக்குப் பதில் கெட்டித் தயிர். சாயங்காலம் பிஸ்கட் போய், குக்கரில் கூட ஒரு விசில் விட்ட தட்டைப்பயறு. ராத்திரி ஒரு அவித்த முட்டை, படுக்கும் முன் பால். வாரம் இரண்டு நாள் தூத்துக்குடி சாளை வந்தால் குழம்பு. முள் பயம் இருப்பவர்கள் மண்சட்டியில் வைக்காமல் குக்கரில் புளி சேர்த்து நன்றாக வேகவிட்டால் சின்ன முள் மெத்தென்று ஆகிவிடும், கால்சியமும் கிடைக்கும். நடுமுள்ளை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

மொத்தப் புரதத்தையும் மதியத்திலேயே போட்டுத் தள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரிப்பது நல்லது. அதோடு கொஞ்சம் நடை, நாற்காலியில் எழுந்து உட்காரும் அந்தத் தோப்புக்கரணம். அசையாத உடம்பில் தின்ற புரதம் தசையில் அவ்வளவாக ஒட்டாது.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. முடியாதவருக்குக் கஞ்சி என்று நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. வெறும் அரிசிக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஒரு செம்பு குடித்தால் வயிறு ரொம்பிவிடும், அடுத்த வேளைக்குப் பசிக்காது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. கஞ்சிதான் வேண்டும் என்றால் பாசிப்பருப்பு சேர்த்து, மேலே ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். கரிசல் காட்டு ஆட்களுக்குக் கம்பங்கூழ் பழகிய ருசி, தயிர் விட்டுக் கரைத்தால் நல்லது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, பாலைப் போல மூன்று மடங்கு. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூழ் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு அடையாகவோ தோசையாகவோ, கூடவே பருப்போடு.

டப்பாவில் வரும் புரதப் பவுடர்கள் டாக்டர் சொன்னால் மட்டும். பலவற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்க எழுத்தைப் படித்தாலே தெரியும்.

தண்ணீர்

வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறையும். தாகம் எடுத்தால் குடிக்கிறேன் என்று விட்டுவிட்டால் குடிக்கவே மாட்டார்கள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயமும் உண்டு, நியாயமான பயம். சாயங்காலம் ஆறு மணிக்குள் பெரும்பங்கைக் குடித்து முடித்துவிடும்படி பழக்கினால் போதும். காலையில் ஒரு செம்பை நிரப்பி வைத்து, மதியத்துக்குள் காலி, மறுபடி ஒரு செம்பு என்று கணக்கு. ரசம், மோர், நீராகாரம் எல்லாம் கணக்கில் சேரும். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு. அவர்களுக்கு "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இளநீர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறதா, சாப்பிட்டதும் குரல் கரகரக்கிறதா என்றும் பாருங்கள். விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுப்படியைச் சுருக்குங்கள்

ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு பிடி பருப்பைப் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பார்க்கும்போதே சமைக்கிற ஆசை போய்விடும். ஒன்றரை, இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, சின்னத் தாளிப்புக் கரண்டி, சின்ன வாணலி. இந்தச் செலவுதான் நான் செய்ததிலேயே பலன் தந்த செலவு. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்க, கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி. முக்காலி வேண்டாம், சாய்ந்தால் ஆளோடு போகும். பருப்பு, புளி, மிளகாய் டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கி வரட்டும். பரணில் உள்ள எதுவும் இனி அவர்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பைக் கால் கிலோவாக வாங்கினால் வண்டு வராது. ஒரு நாள் வைத்த சாம்பாரை இரண்டு சின்ன டப்பாவில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் ஆயிற்று. எடுத்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். மூன்றாம் நாள் வேண்டாம். மூக்கு மங்கியவர்களுக்குக் கெட்டுப்போன வாடை தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு எனக்கு நாறியது, அவளுக்கு மணத்தது. சோற்றையும் வெளியே அப்படியே வைத்துவிட்டு மறுபடி சூடு செய்தால் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது. சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு சூட்டிலும் போகாது.

அப்பா மட்டும் இருக்கும் வீடு

இது வேறு கதை. காபிகூடப் போடத் தெரியாத ஆண்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். என் நண்பனின் அப்பா திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி போன பிறகு மூன்று வேளையும் ஹோட்டல். புரோட்டா, சால்னா, பூரி, வடை. ஆறு மாதத்தில் பிரஷர் ஏறி, இடுப்பும் பெருத்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியிருந்தது. தொப்பை இருப்பவருக்குச் சத்துக்குறைவு இருக்காது என்று நினைக்காதீர்கள்.

அவருக்கு நண்பன் கற்றுக்கொடுத்தது நான்கே வேலை: முட்டை அவிப்பது, குக்கரில் பருப்புச் சோறு, தயிர் உறை ஊற்றுவது, கடையில் வாங்கிய மாவில் தோசை. ஒரு வார விடுப்பில் பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே செய்ய வைத்துக் கற்றுக்கொடுத்தான். விசில் எண்ணுவதைச் சுவரில் எழுதி ஒட்டினான். இப்போது அவர் தோசை வார்த்தால் போட்டோ எடுத்து அனுப்புகிறார்.

ஆள் வைப்பது, சாப்பாடு வரவழைப்பது

நான் முதலில் செய்தது இதுதான், தப்பாகவும் போனது. மாதக் கணக்கில் கேரியர் சாப்பாடு அனுப்பும் ஒருவரைப் பிடித்துப் பணம் கட்டிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். தினமும் இரண்டு பேர் சாப்பிடும் அளவு சோறு, எண்ணெய் மிதக்கும் பொரியல், உப்பு கரிக்கும் சாம்பார். அம்மா பத்து நாள் தின்று பார்த்துவிட்டு, வாசலில் வரும் மாட்டுக்கு வைக்க ஆரம்பித்திருந்தாள். என்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. மாடு வாசலை விட்டு நகரவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கேரியர் வைப்பதானால் சோறு தவிர்த்துக் குழம்பும் காயும் மட்டும் என்று பேசுங்கள். சோறு அவர்களே வடித்துக்கொள்வார்கள், சுடச்சுட இருக்கும், அடுப்பும் அணையாது. உப்பு குறைவாக, காய் குழைவாக என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் சோதனை, அப்புறம் மாதப் பணம். சமையலுக்கு ஆள் வைத்தால் தினமும் வேண்டாம், வாரம் மூன்று நாள் வந்து காய் நறுக்கி, கீரை ஆய்ந்து, சாம்பார் வைத்துவிட்டுப் போனால் போதும். சமையல் உரிமையை முழுதாகப் பிடுங்கினால் பெரியவர்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

கை இறுக்கமாக உள்ளவர்களுக்கு அரசு வழிகள் சில உண்டு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் கடையில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. அம்மா உணவகம் அருகில் இருந்தால் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்று 2013-இல் வைத்த விலை. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாக 2023-இல் உயர்ந்தது. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

கூடச் சாப்பிட ஒரு வாய்

கேரியர் தோற்ற பிறகு வழி கிடைத்தது தற்செயலாக. பக்கத்து வீட்டு அக்கா தையல் கடையிலிருந்து வர ஏழு மணி ஆகும். அவள் மகன் ஆறாம் வகுப்பு, பள்ளி விட்டு வந்து பூட்டிய வாசலில் உட்கார்ந்திருப்பான். "இங்க வந்து படிக்கட்டும்" என்று அம்மாவே கூப்பிட்டாள். பையனுக்குப் பசிக்குமே என்று முதல் நாள் சுண்டல் அவித்தாள். மறுநாள் முட்டை தோசை. ஒரு மாதத்தில் ரேஷன் பருப்பு தீர்ந்துவிட்டது, "வரும்போது கால் கிலோ பாசிப்பருப்பு வாங்கியா" என்று எனக்குப் போன் வந்தது. எட்டு மாதம் நான் போனில் கேட்டும் நடக்காத காரியம்.

எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு பையன் கிடைக்கமாட்டான். ஆனால் தேடினால் ஏதோ ஒன்று கிடைக்கும்: தனியாக இருக்கும் இன்னொரு அம்மா, ஒருநாள் இவர்கள் வீட்டுக் குழம்பு, மறுநாள் அவர்கள் வீட்டுக் குழம்பு, கோயில் அன்னதானத்துக்குச் சேர்ந்து போகும் கூட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து போகும் அத்தை மகள். வெளியூரில் இருக்கும் நாம் செய்யக் கூடியது, நாமும் சாப்பிடும் நேரத்தில் வீடியோ போனைத் தட்டுக்கு முன் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவது. என் மனைவி இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. "அத்தை, புளிக்குழம்புக்கு வெந்தயம் எப்ப போடணும்?" என்று தெரிந்ததையே கேட்பாள். அம்மா அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

நானும் "சாப்ட்டியா" கேட்பதை நிறுத்திவிட்டேன். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்கிறேன். "மோருதான்யா" என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் அக்காவுக்கு ஒரு போன்.

மாதம் முதல் தேதி எடை பார்த்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கிழித்து, ஒரு டப்பாவில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நவம்பரில் 49.2. ஏப்ரலில் 51.6. எழுத்து அந்தப் பையனுடையது. நாற்காலியில் எழுந்து உட்காரும் கணக்கையும் அவனே ஸ்கூல் வாட்ச் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறான்: 14 வினாடி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "பாட்டி நாற்காலிக் கையைப் பிடிச்சாங்க".